தூக்குக் கைதிக்குச் சர்க்கரை மாத்திரை கொடுத்தவன் கேட்கிறேன்

கெடிலக்கரை (இழையைத் தொடங்கியவர்)
ஞாயிறு, இரவு 8.50

வணக்கம். கடலூர் திருப்பாதிரிப்புலியூரில் இருக்கிறேன். முப்பத்தோரு வருஷம் அரசு மருந்தாளுநர் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். அதில் நான்கு வருஷம் ஒரு மத்திய சிறையின் மருத்துவமனையில் இருந்தேன். எந்தச் சிறை, எந்த வருஷம் என்பதெல்லாம் இங்கே வேண்டாம்.

போன வாரம் டீக்கடையில் பேப்பரைப் பிரித்து வைத்துக்கொண்டு "இவனுங்களையெல்லாம் நிற்கவைத்துத் தூக்கில் போடணும்" என்று நாலு பேர் பேசிக்கொண்டிருந்தார்கள். நான் எதுவும் பேசாமல் எழுந்து வந்துவிட்டேன். வீட்டுக்கு வந்த பிறகு பேசியிருக்கவேண்டும் என்று தோன்றியது. அதனால்தான் எழுதுகிறேன்.

அங்கே தூக்குத் தண்டனை பெற்ற ஒருவர் இருந்தார். நாற்பத்தைந்து வயதிருக்கும். சர்க்கரை நோய். காலையும் இரவும் என் கையால் மாத்திரை. என் கண்ணெதிரே விழுங்கி, வாயைத் திறந்து காட்டவேண்டும், சேர்த்துவைத்து ஏதாவது செய்துகொள்ளக் கூடாது என்பதற்காக. மாதம் ஒருமுறை எடை பார்ப்போம். முதல் தடவை மெஷினில் ஏறவே மாட்டேன் என்று நின்றுவிட்டார். "கயித்துக்கா சார்?" என்றார். தூக்குக் கயிற்றை எவ்வளவு தொங்கவிடுவது என்பதை ஆளின் எடையை வைத்துத்தான் கணக்குப் போடுவார்கள். அதை யாரோ அவர் காதில் போட்டிருக்கிறார்கள். "சர்க்கரைக்காகத்தான்யா" என்றேன். நம்பவில்லை. கடைசியில் நான் செருப்பைக் கழற்றிவிட்டு முதலில் ஏறி நின்றேன். அறுபத்தெட்டு. அதன் பிறகுதான் அவர் ஏறினார். ஐம்பத்தொன்று.

செய்தது சின்னக் குற்றமில்லை. இரண்டு உயிர். தீர்ப்பு நகலை நானே படித்தேன், அன்று மதியம் சோறு இறங்கவில்லை. பிறகு உயர் நீதிமன்றத்தில் ஆயுள் தண்டனையாகக் குறைந்தது என்று கேள்விப்பட்டேன்.

அதே வருஷம் என் தங்கை இறந்துபோனாள். தரையில் பாய் போட்டுப் படுத்திருந்தவள், நடுராத்திரியில் வயிறு வலிக்கிறது என்று எழுந்தாள். கட்டுவிரியன் கடித்தால் பல சமயம் தடமே இருக்காது, வலியும் பெரிதாக இருக்காது. கொஞ்ச நேரத்தில் கண் இமையைத் தூக்க முடியவில்லை. பேச்சு குழறியது. பக்கத்தில் இருந்த ஒரு தனியார் மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். மூச்சுக்கு மெஷின் வைக்கவேண்டும், நாற்பதாயிரம் முன்பணம் கட்டுங்கள் என்றார்கள். இரவு ஒன்றரை மணிக்கு மாப்பிள்ளை யார் வீட்டுக் கதவைத் தட்டுவார்? அரசு மருத்துவமனைக்குக் கொண்டுபோகும் வழியிலேயே வேனில் மூச்சு நின்றுவிட்டது. பாம்புக்கடி விஷத்துக்கு என்ன மருந்து, எத்தனை குப்பி என்று ஸ்டாக் ரெஜிஸ்டரில் என் கையெழுத்தில் எழுதுகிறவன் நான்.

சிறையில் அந்த மனிதருக்கு ஒரு வேளை மாத்திரை தவறினால் நான் விளக்கம் எழுதித் தரவேண்டும். என் தங்கை போனதற்கு யாரும் யாருக்கும் ஒரு வரி விளக்கம் எழுதித் தரவில்லை.

"அப்படியென்றால் அந்தக் கொலைகாரனுக்கு ஏன் மருந்து" என்று கேட்கத் தோன்றும். எனக்கும் சில நாள் தோன்றியது. ஆனால் யோசித்துப் பார்த்தால், சிறைக்குள் நடந்ததுதான் சரி. வெளியே நடந்ததுதான் தப்பு. தூக்குத் தண்டனை கூடாது என்பது என் கட்சி. நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?

முத்தியால்பேட்டை 27
ஞாயிறு, இரவு 9.15

ஐயா, உங்கள் தங்கைக்கு நடந்தது கொடுமை. ஆனால் கொலைகாரனை எதற்கு "அவர்" என்று எழுதுகிறீர்கள்? 2024 மார்ச்சில் எங்கள் பகுதியில் 9 வயதுக் குழந்தையைக் கொன்று சாக்கடையில் போட்டார்கள். பாண்டிச்சேரி முழுக்கக் கடையடைப்பு. நானும் ஊர்வலத்தில் போனேன். குழந்தையின் போட்டோவைப் பிடித்துக்கொண்டு தூக்கில் போடு என்று தொண்டை கட்டும்வரை கத்தினேன். அதற்காக வெட்கப்படவில்லை. இன்றைக்கு நடந்தாலும் போவேன்.

பலாமரத்தடி
ஞாயிறு, இரவு 9.40

பண்ருட்டி பக்கம் எங்கள் ஊர். என் அண்ணன் மகள், இருபத்துமூன்று வயது. நகை போதவில்லை என்று கட்டினவனே மண்ணெண்ணெய் ஊற்றிக் கொளுத்தினான். எண்பது சதவீதம் தீக்காயம். ஒன்பது நாள் உயிரோடு இருந்தாள். மாஜிஸ்திரேட் வந்து வாக்குமூலம் வாங்கினார், அப்போதுகூடத் தெளிவாகப் பேசினாள். வழக்கு முடியப் பதினோரு வருஷம். ஆயுள் தண்டனை கொடுத்தார்கள். மேல்முறையீடு போட்டு, தண்டனையை நிறுத்திவைத்து ஜாமீன் வாங்கிவிட்டான். போன ஆடியில் பஸ் ஸ்டாண்டில் அவனைப் பார்த்தேன். கையில் குழந்தை, பக்கத்தில் வேறொரு பெண். குழந்தைக்குப் பன் வாங்கிக் கொடுத்துக்கொண்டிருந்தான்.

எங்கள் அண்ணி இன்னும் அவளுடைய ஒரு தாவணியைத் துவைக்காமல் வைத்திருக்கிறார்.

உயிருக்கு மதிப்பு என்கிறீர்கள். எங்கள் பிள்ளை உயிருக்கு இந்த நாடு என்ன மதிப்பு போட்டது? அவனைத் தூக்கில் போட்டிருந்தால் அவள் திரும்பி வரமாட்டாள் என்று எனக்கும் தெரியும். ஆனால் அந்தப் பன் வாங்கும் கையை நான் பார்த்திருக்க மாட்டேன்.

வைசியாள் வீதி
ஞாயிறு, இரவு 10.05

பலாமரத்தடி அக்காவுக்குப் பதில் சொல்லும் தகுதி எனக்கு இல்லை. வேறொன்றைச் சொல்கிறேன். புதுச்சேரிக்காரர்களுக்கு இது புரியும். எங்கள் தாத்தா பிரெஞ்சு ராணுவத்தில் இருந்தவர், அந்தக் குடும்பம் பிரெஞ்சுக் குடியுரிமையை வைத்துக்கொண்டது. பாட்டி வழிச் சொந்தங்கள் இந்தியக் குடியுரிமை. ஒரே வீதி, எதிரெதிர் வாசல். பிரான்ஸ் 1981இல் மரண தண்டனையை ஒழித்துவிட்டது, 2007இல் அரசியல் சாசனத்திலேயே எழுதியும் வைத்துவிட்டது. ஒழித்தபோது அங்கே பெரும்பாலான மக்கள் அதை விரும்பவில்லை. அரசாங்கம் துணிந்து செய்தது. அதற்காக பிரான்ஸ் ஒன்றும் கொலைகாரர்கள் ஊராகிவிடவில்லை.

வழக்குக்கட்டு
ஞாயிறு, இரவு 10.50

கடலூரில் வக்கீலாக இருக்கிறேன். கொஞ்சம் விவரம் சொன்னால் பேச்சுக்கு உதவும்.

2000க்குப் பிறகு இந்தியாவில் தூக்கில் போடப்பட்டவர்கள் எட்டே பேர். 2004இல் ஒருவர், 2012, 2013, 2015இல் ஒவ்வொருவர், 2020 மார்ச் 20 அன்று டெல்லி திகார் சிறையில் நான்கு பேர். தமிழ்நாட்டில் 1995இல் சேலம் சிறையில் நடந்ததற்குப் பிறகு நடக்கவே இல்லை. ஆனால் கீழ் நீதிமன்றங்கள் வருஷாவருஷம் தூக்கு கொடுத்துக்கொண்டுதான் இருக்கின்றன. 1980இல் பச்சன் சிங் வழக்கில் "அரிதினும் அரிதான" வழக்குக்குத்தான் என்று உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஆனால் எது அரிது என்பது நீதிபதிக்கு நீதிபதி மாறுகிறது. சட்ட ஆணையமே 2015 ஆகஸ்டில் கொடுத்த 262ஆவது அறிக்கையில், பயங்கரவாத வழக்குகளைத் தவிர மற்றதற்கெல்லாம் தூக்கை எடுத்துவிடலாம் என்று பரிந்துரைத்தது.

இப்போது நம்ம மாவட்டத்துக்கு வருகிறேன். விருத்தாசலம் பக்கம் புதுக்கூரைப்பேட்டை. 2003 ஜூலையில் சாதி மாறித் திருமணம் செய்துகொண்ட இருவருக்கு வாயில், மூக்கில், காதில் விஷம் ஊற்றிக் கொன்றார்கள். ஊரே பார்த்தது. போலீஸே உடந்தை. சிபிஐக்குப் போய், கடலூர் நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது 2021 செப்டம்பரில். பதினெட்டு வருஷம். பெண்ணின் அண்ணனுக்குத் தூக்கு, ஓய்வுபெற்ற போலீஸ் அதிகாரி உட்படப் பன்னிரண்டு பேருக்கு ஆயுள். 2022இல் உயர் நீதிமன்றம் அந்தத் தூக்கை ஆயுளாகக் குறைத்தது. 2025 ஏப்ரலில் உச்ச நீதிமன்றமும் ஆயுளை உறுதி செய்தது. அந்த வழக்கில் என்னை உலுக்கியது தூக்கு கொடுத்ததும் இல்லை, குறைத்ததும் இல்லை. பையனின் அப்பா புகார் கொடுக்கப் போனபோது அதைப் பதிவு செய்ய மறுத்தார்களே, அதுதான். அன்றைக்கே எழுதியிருந்தால் இத்தனை வருஷம் ஆகியிருக்காது.

முத்தியால்பேட்டை தம்பிக்கு ஒன்று. 2017இல் சென்னைப் புறநகரில் ஒரு சிறுமி வழக்கு. உங்களுக்கு ஞாபகம் இருக்கும். செங்கல்பட்டு நீதிமன்றம் 2018இல் தூக்கு கொடுத்தது, உயர் நீதிமன்றம் அதே வருஷம் உறுதி செய்தது. 2025 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் சாட்சியம் போதாது, நியாயமான விசாரணை கிடைக்கவில்லை என்று விடுதலை செய்துவிட்டது. இரண்டு நீதிமன்றம் தூக்கு என்று சொன்ன ஆளை மூன்றாவது நீதிமன்றம் வீட்டுக்கு அனுப்புகிறது. அவன்தான் செய்தான் என்று நினைப்பவர்களுக்கும் இது தோல்வி, செய்யவில்லை என்று நினைப்பவர்களுக்கும் தோல்வி. அவசரமாக முடித்த விசாரணை யாருக்கும் உதவாது.

முத்தியால்பேட்டை 27
ஞாயிறு, இரவு 11.10

அந்தச் செய்தி வந்த அன்று நான் போனைத் தூக்கிப் போட்டுவிட்டேன் சார். எங்கள் வழக்கிலும் விசாரணை முடிவதற்குள் குற்றம் சாட்டப்பட்டவர்களில் ஒருவர் காலாப்பட்டு சிறையில் தற்கொலை செய்துகொண்டார். கேட்டபோது நிம்மதியாக இருக்கும் என்று நினைத்தேன். இல்லை. என்ன நடந்தது என்று நீதிமன்றத்தில் அவர் வாயால் சொல்லி நாங்கள் கேட்கவே இல்லையே என்றுதான் இருந்தது.

தமிழாசான்
திங்கள், காலை 6.20

வள்ளுவர் என்ன சொன்னார் என்று யாரும் எடுக்கவில்லை. 550ஆவது குறள். கொலையில் கொடியாரை அரசன் ஒறுப்பது, பயிருக்குக் களை எடுப்பதற்குச் சமம். பரிமேலழகர் "கொலையான் ஒறுத்து" என்றே உரை எழுதுகிறார், அதாவது கொடியவர்களைக் கொலைத் தண்டனையால் தண்டிப்பது. "கொலைத் தொழிலில் கொடியவர்களை" என்று பிரித்து, ஒறுத்தல் என்றால் தண்டித்தல்தான், கொல்லுதல் என்று வள்ளுவர் சொல்லவில்லை என்பாரும் உண்டு. நான் முப்பது வருஷம் வகுப்பில் முதல் உரையைத்தான் சொன்னேன். அரசு என்று ஒன்று இருந்தால் களை எடுத்துத்தான் ஆகவேண்டும்.

பாகூர் ஏரிப்பாசனம்
திங்கள், காலை 7.05

ஐயா, களை என்றதும் வந்துவிட்டேன், எனக்குத் தெரிந்த விஷயம் அதுதான். நெல் வயலில் குதிரைவாலிப் புல் என்று ஒன்று வரும். இளசில் நெல்லுக்கும் அதற்கும் வித்தியாசமே தெரியாது. இலை தண்டைப் பிடிக்கிற இடத்தைப் பிரித்துப் பார்த்தால் நெல்லுக்கு மெல்லிசாக நாக்கு மாதிரி ஒன்று இருக்கும், புல்லுக்கு இருக்காது. குனிந்து, ஒவ்வொன்றாகப் பார்த்தால்தான் தெரியும். கூலிக்குக் களை எடுக்க வருகிற புது ஆட்கள் நெல்லையும் சேர்த்துப் பிடுங்கி வரப்பில் போட்டுவிடுவார்கள். எங்கள் அம்மா வரப்பில் கிடக்கிற குவியலைக் கிளறி, நெல்லாக இருந்தால் திரும்பச் சேற்றில் ஊன்றுவார். வேர் காயாமல் இருந்தால் பிடித்துக்கொள்ளும்.

தப்பாகப் பிடுங்கினால் திரும்ப ஊன்ற வழி இருக்கவேண்டும் ஐயா. தூக்கில் அது இல்லை.

தமிழாசான்
திங்கள், காலை 7.30

நியாயமான வாதம். வகுப்பில் இப்படி ஒரு மாணவன் கேட்டிருந்தால் நான் அன்றே உரையை மாற்றிச் சொல்லியிருப்பேன். ஆனால் குற்றம் சந்தேகமே இல்லாமல் நிரூபணமான இடத்தில் என் கருத்து மாறவில்லை.

இரவுப்பணி
திங்கள், காலை 9.45

நைட் டியூட்டி முடிந்து வந்து படித்தேன். புதுச்சேரியில் நர்ஸ். தீக்காயப் பிரிவில் ஆறு வருஷம் இருந்திருக்கிறேன்.

அக்கா, ஒன்பது நாள் என்று எழுதியிருந்தீர்கள். அந்த ஒன்பது நாளும் என்னைப் போல யாரோ ஒருத்தி உங்கள் பிள்ளைக்கு டிரெஸ்ஸிங் மாற்றியிருப்பாள். எண்பது சதவீதம் என்றால் பெரும்பாலும் என்ன ஆகும் என்று எங்களுக்கு முதல் நாளே தெரியும். இருந்தாலும் உப்புநீரில் நனைத்து, ஒட்டின துணியை அவசரப்படாமல் எடுப்போம். இழுத்தால் வலிக்கும். அவசரப்படுத்தாதீர்கள் என்று டாக்டரிடமே சண்டை போட்டிருக்கிறேன்.

கையில் விலங்கோடும் ஆட்கள் வருவார்கள். ஒரு கை கட்டில் கம்பியில் சங்கிலி, வாசலில் இரண்டு போலீஸ். என்ன செய்துவிட்டு வந்தான் என்று கேஸ் ஷீட்டில் இருக்காது. கேட்கவும் மாட்டோம். அவனுக்கும் அதே உப்புநீர், அதே நிதானம். கேட்க ஆரம்பித்தால் அப்புறம் ஒவ்வொருத்தருக்கும் ஒரு நியாயம் பார்க்கவேண்டியிருக்கும். குடித்துவிட்டு வண்டி ஓட்டினவன், பூச்சிமருந்து குடித்தவன், பணம் கட்டாதவன் என்று வரிசை நீண்டுகொண்டே போகும். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி சாராயச் சாவுகள் நடந்தபோது, குடித்துச் செத்தவனுக்கு எதற்குப் பத்து லட்சம் என்று எல்லோரும் பேசினார்கள். கண்பார்வையைப் பறிக்கிற மெத்தனால் விஷம் உள்ளே போனவர்களை நான் பார்த்திருக்கிறேன். விளக்கு எரிகிற வார்டில் படுத்துக்கொண்டு "சிஸ்டர், லைட்டைப் போடுங்க" என்பார்கள். அதைக் கேட்ட பிறகு எவன் குடித்தான், எதற்குக் குடித்தான் என்று கேட்க வாய் வராது.

மும்பையில் அருணா ஷான்பாக் என்ற நர்ஸ். 1973இல் அவர் வேலை பார்த்த கேஇஎம் மருத்துவமனையிலேயே துப்புரவுத் தொழிலாளி ஒருவன் நாய்ச் சங்கிலியால் கழுத்தை நெரித்துச் சீரழித்தான். 2015 மே மாதம் இறக்கும்வரை நினைவு திரும்பவே இல்லை. அந்த நாற்பத்தொரு வருஷத்துக்கு மேல் அங்கே வந்த ஒவ்வொரு தலைமுறை நர்ஸும் அவரைக் குளிப்பாட்டி, ஊட்டி, படுக்கைப் புண் வராமல் பார்த்துக்கொண்டார்கள். கருணைக்கொலை கேட்டு வழக்கு வந்தபோது கூடாது என்று எதிர்த்ததும் அவர்கள்தான். அவனுக்குக் கிடைத்தது ஏழு வருஷம், வெளியே வந்துவிட்டான். ஏழு வருஷம் என்பது அநியாயம் என்றுதான் நானும் சொல்வேன். ஆனால் உயிருக்கு மதிப்பு என்று யாராவது கேட்டால் எனக்கு அவன் நினைவு வராது. தினமும் அவர் முதுகைத் திருப்பிப் பவுடர் போட்ட கைகள்தான் நினைவுக்கு வரும்.

சபை வாசல்
திங்கள், காலை 11.00

வடலூரில் இருந்து. வள்ளலார் 1867 மே 23 அன்று தருமச்சாலையில் மூட்டிய அடுப்பு இன்னும் அணையவில்லை என்பது எல்லோருக்கும் தெரியும். சின்ன வயதில் பாட்டியோடு அங்கே காய் நறுக்கப் போவேன். ஒருநாள் பந்தியில் ஓர் ஆளைக் காட்டி, "இவன் ஜெயிலுக்குப் போய்விட்டு வந்தவன்" என்று யாரோ மெதுவாகச் சொன்னார்கள். பாட்டி இன்னொரு கரண்டி சோறு வைத்துவிட்டு, "பசி ஜெயிலுக்குப் போகலையே" என்றார். கொலை மறுத்தல் என்று நாங்கள் ஆட்டுக்கும் மாட்டுக்கும் சொல்கிறோம். மனிதனுக்கு மட்டும் விதிவிலக்கு வைக்க என்னால் முடியவில்லை.

கெடிலக்கரை
திங்கள், மதியம் 1.30

எல்லோருக்கும் நன்றி. இரவுப்பணி அம்மா எழுதியதை மூன்று தடவை படித்தேன்.

நான் சொல்ல வந்ததைச் சரியாகச் சொல்லவில்லை என்று தோன்றுகிறது. தூக்குத் தண்டனை என்று வந்தால், செஷன்ஸ் நீதிமன்றம் சொன்னதை உயர் நீதிமன்றம் கட்டாயம் உறுதி செய்யவேண்டும். பிறகு உச்ச நீதிமன்றம். பிறகு சீராய்வு மனு, அதையும் 2014க்குப் பிறகு திறந்த நீதிமன்றத்தில் கேட்கவேண்டும். பிறகு ஆளுநருக்குக் கருணை மனு, குடியரசுத் தலைவருக்குக் கருணை மனு. நிராகரித்தால்கூடப் பதினான்கு நாள் அவகாசம். ஓர் உயிரை எடுக்கும் முன் இத்தனை பேர் கையெழுத்துப் போடவேண்டும், யோசிக்கவேண்டும். இதை நான் குறையாகச் சொல்லவில்லை. ஓர் உயிர் என்றால் இப்படித்தான் தயங்கவேண்டும்.

என் தங்கை விஷயத்தில் கவுன்டரில் இருந்த ஒருவர், ஒரே நிமிஷம், முடிந்தது. 1989இலேயே பரமானந்த் கட்டாரா வழக்கில், உயிருக்கு ஆபத்தாக வருகிறவருக்கு அரசோ தனியாரோ எந்த மருத்துவரும் முதலில் சிகிச்சை தரவேண்டும் என்று உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. எனக்கே அது தங்கை போன பிறகுதான் தெரியும். தெரிந்திருந்தால் அந்த கவுன்டரில் நின்று சத்தம் போட்டிருக்கலாம். மாற்றமே இல்லை என்று சொல்லமாட்டேன். 2008இல் 108 வந்தது. 2009இல் காப்பீட்டுத் திட்டம் வந்தது. 2021 டிசம்பரில் மேல்மருவத்தூரில் தொடங்கிய இன்னுயிர் காப்போம் திட்டத்தில் சாலை விபத்து என்றால் முதல் 48 மணி நேரம் யார், எந்த ஊர், அட்டை இருக்கிறதா என்று கேட்காமல் இலவசமாகப் பார்க்கவேண்டும். அதே வார்த்தையைப் பாம்புக்கடிக்கும், மாரடைப்புக்கும், பிரசவத்துக்கும் சொல்லுங்கள் என்றுதான் நான் கேட்கிறேன். "யார் என்று கேட்காமல்." தூக்கு வேண்டாம் என்று நான் சொல்வதும் அதே இடத்திலிருந்துதான் வருகிறது. இது வேறு, அது வேறு என்று என்னால் பிரிக்க முடியவில்லை.

பலாமரத்தடி அம்மா, நீங்கள் சொன்னதற்கு என்னிடம் பதில் இல்லை. எடை மெஷினில் நின்றவரைப் பற்றி நான் எழுதியது உங்களுக்கு வலித்திருக்கும். அவர் கொன்றவர்கள் வீட்டில் யாராவது இதைப் படித்தால் என்ன நினைப்பார்கள் என்று ராத்திரி தூக்கம் வரவில்லை.

பலாமரத்தடி
திங்கள், மாலை 6.15

வலித்தது ஐயா. ஆனால் நீங்கள் முதலில் ஏறி நின்றீர்கள் என்று படித்ததும் கொஞ்சம் நேரம் போனைக் கீழே வைத்துவிட்டேன்.

நர்ஸம்மா, எங்கள் பிள்ளைக்கும் ஒரு நர்ஸ் இருந்தார். மலையாளம் கலந்து பேசுவார். ஏழாம் நாள் அவள் ஐஸ் கேட்டாள், ஸ்பூனில் ஒவ்வொரு துளியாக விட்டார். அதை எப்படி மறந்திருந்தேன் என்று தெரியவில்லை.

என் மனசு மாறிவிட்டது என்று சொன்னால் அது பொய். அவனுக்குத் தூக்கு கொடுத்திருக்கவேண்டும் என்றுதான் இன்னும் நினைக்கிறேன். ஆனால் ஒன்று சொல்கிறேன். பதினோரு வருஷத்தில் ஒருநாளும், இன்றைக்கு வாய்தா, இன்றைக்குத் தீர்ப்பு என்று யாரும் எங்களுக்குச் சொல்லவில்லை. ஜாமீனில் வந்துவிட்டான் என்பதே பஸ் ஸ்டாண்டில் பார்த்துத்தான் தெரியும். அண்ணனுக்கு இரண்டு வருஷமாக நெஞ்சுவலி, வைத்தியம் பார்க்கக் காசில்லை. சாகிறவரைக்கும் தூக்கு தூக்கு என்று சொல்லிக்கொண்டே இருக்கிறார். மற்றதை எங்கே கேட்பது என்று தெரியவில்லை, அதனால் அதையே கேட்கிறோம்.

வழக்குக்கட்டு
திங்கள், மாலை 6.50

அக்கா, மேல்முறையீடு இன்னும் நிலுவையில்தானே இருக்கிறது? அப்படியென்றால் உங்கள் தரப்பையும் கேட்கச் சொல்லி மனு போடலாம். பாதிக்கப்பட்டவர் குடும்பத்துக்கு அந்த உரிமை உண்டு என்று 2022இல் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. ஜாமீனை ரத்து செய்யவும் கேட்டுப் பார்க்கலாம். இழப்பீட்டுத் திட்டமும் தனியாக இருக்கிறது, குற்றவாளி கொடுப்பதல்ல, அரசு கொடுப்பது. மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் மனு கொடுக்கவேண்டும். பெண்களுக்கு வக்கீல் கட்டணம் கிடையாது, வருமானம் எவ்வளவு இருந்தாலும் சரி. இத்தனை வருஷம் ஆகிவிட்டதே என்று நீங்களாகவே முடிவு கட்டவேண்டாம், தாமதத்துக்குக் காரணம் எழுதிக் கொடுத்துப் பார்ப்போம்.

தீர்ப்பு நகல், இறப்புச் சான்றிதழ், அண்ணனுடைய ஆதார், ரேஷன் கார்டு, பேங்க் பாஸ்புக். நெஞ்சுவலிக்குக் காட்டின சீட்டு இருந்தால் அதையும் எடுத்து வாருங்கள்.

கெடிலக்கரை
திங்கள், இரவு 7.05

அண்ணனை அரசு மருத்துவமனையில் காட்ட நான் கூட வருகிறேன் அம்மா. காப்பீட்டு அட்டை இல்லையென்றால் முதலில் விஏஓவிடம் வருமானச் சான்று வாங்கவேண்டும், அதற்கு எந்த ஃபாரம் என்று இன்றிரவே தனிச்செய்தியில் அனுப்புகிறேன்.

பலாமரத்தடி
திங்கள், இரவு 7.20

தீர்ப்பு நகல் எங்களிடம் இல்லை. வாங்கவே இல்லை. அது இல்லாமல் வரலாமா?

வழக்குக்கட்டு
திங்கள், இரவு 7.22

வாருங்கள் அக்கா. வழக்கு எண் தெரிந்தால் போதும், நகலுக்கு நான் மனு போடுகிறேன். புதன்கிழமை காலை பத்து மணிக்கு நீதிமன்ற வளாகத்தில் சட்டப்பணிகள் ஆணைக்குழு அலுவலக வாசலில் நிற்பேன்.